இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஜி.பி. சர்ஜரியில் எதற்கு யாரைப் பார்ப்பது?

‘சர்ஜரி’ என்றதும் கத்தி, தையல் என்று பதற வேண்டாம். இங்கே குடும்ப மருத்துவரின் (ஜி.பி.) கிளினிக்குக்குத்தான் அந்தப் பெயர். ஆனால் ஊரில் டோக்கன் வாங்கி நேரே டாக்டர் முன்னால் உட்காருவது போல இங்கே நடக்காது. பாதி வேலைக்கு டாக்டரைப் பார்க்கவே தேவையில்லை.

வீடு அமைந்த வாரமே பதிந்துவிடுங்கள், காய்ச்சல் வரட்டும் என்று இருக்காதீர்கள். பதிவுக்குக் காசில்லை. ஆன்லைனிலோ காகிதப் படிவத்திலோ பதியலாம். பாஸ்போர்ட், முகவரிச் சான்று கேட்பார்கள், இருந்தால் காட்டுங்கள். அவை இல்லை என்பதற்காக மட்டும் பதிய மறுக்கக்கூடாது என்பது என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) வழிகாட்டுதல். ‘வாடகை ஒப்பந்தம் கொண்டுவா’ என்று திருப்பி அனுப்பினால் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

நம்மவர்கள் அதிகம் முட்டிக்கொள்வது ரிசெப்ஷனிஸ்டிடம். ‘என்ன பிரச்சினை?’ என்று அவர் கேட்டதும், ‘அதை டாக்டரிடம் சொல்லிக்கொள்கிறேன்’ என்கிறோம். அவர் வம்புக்குக் கேட்கவில்லை. உங்களை யாரிடம், எவ்வளவு சீக்கிரம் அனுப்புவது என்று பிரிப்பதே அவர் வேலை. ரகசியம் காக்கும் கடமை அவருக்கும் உண்டு. ‘உடம்பு சரியில்லை’ என்று மொட்டையாகச் சொன்னால் அவசரம் இல்லை என்று நினைத்து நாள் தள்ளிக் கொடுத்துவிடலாம். ‘மூன்று நாளாக 39 டிகிரி காய்ச்சல், தண்ணீர்கூட இறங்கவில்லை’ என்று சொல்லுங்கள். ஃபாரன்ஹீட்டில் 102 என்றால் குழம்புவார்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் ‘அந்தரங்க விஷயம்’ என்றாலே போதும். அவசரமில்லாதவற்றுக்குக் காலை எட்டு மணி போன் வரிசையில் மல்லுக்கட்ட வேண்டாம்: 2025 அக்டோபர் 1 முதல் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 முதல் மாலை 6.30 வரை சர்ஜரிகள் ஆன்லைன் கோரிக்கைப் படிவத்தைத் திறந்துவைக்க வேண்டும் என்பது விதி.

குழந்தைத் தடுப்பூசி, கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனை, சர்க்கரை, ஆஸ்துமா கண்காணிப்பு எல்லாம் நர்ஸ் பார்ப்பார். ரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பது ஹெல்த்கேர் அசிஸ்டென்ட். மாத்திரை அளவு, பக்கவிளைவு பற்றிச் சர்ஜரியின் பார்மசிஸ்டிடம் பேசலாம். முதுகுவலி, மூட்டுவலிக்குப் பல இடங்களில் டாக்டரைப் பார்க்காமலே பிசியோவிடம் போகலாம். டாக்டருக்கு உதவும் ‘பிசிஷியன் அசோசியேட்’ என்பவர் டாக்டர் அல்ல, மருந்துச் சீட்டும் எழுத முடியாது. யாரைப் பார்க்கப்போகிறோம் என்று முன்பே கேட்பதில் தவறில்லை. புகார் இருந்தால் பிராக்டிஸ் மேனேஜர்.

டாக்டருக்கு ஒதுக்கும் நேரம் பொதுவாக 10 நிமிடம்தான். தலைவலி, முடி உதிர்வு, அம்மாவின் கால்வலி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் எதுவும் சரியாக முடியாது. சளிக்கு ஊசியோ ஆன்டிபயாடிக்கோ எதிர்பார்க்க வேண்டாம். ஆங்கிலம் தடுமாறினால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அது இலவசம். பிள்ளையை வைத்து மொழிபெயர்க்காதீர்கள்.

•

மருந்து பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். ஊரில் வாங்கும் பிராண்ட் பெயர் இங்கே செல்லாது. தைரோநார்ம் என்றால் லெவோதைராக்ஸின், கிளைக்கோமெட் என்றால் மெட்ஃபார்மின் என்று மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் (மில்லிகிராமா, மைக்ரோகிராமா என்பதோடு) எழுதி எடுத்துப்போங்கள். இரண்டு மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையைத் தனித்தனியாகப் பிரித்துத் தருவது சகஜம். சர்க்கரை அளவும் வேறு கணக்கு: ஊர் எண்ணை 18ஆல் வகுங்கள், 126 என்பது இங்கே 7. மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1.சி 6.5 சதவீதம் என்றால் இங்கே 48.

சீட்டில் எழுதித்தரும் ஒரு மருந்துக்குக் கட்டணம் 9.90 பவுண்டு, மூன்று மருந்து இருந்தால் மூன்று மடங்கு. (ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இலவசம்.) தைராய்டு சுரப்புக் குறைவுக்கோ சர்க்கரைக்கோ தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் சர்ஜரியில் கட்டண விலக்குச் சான்றிதழுக்கான எஃப்.பி.92.ஏ படிவம் கேளுங்கள். சான்றிதழ் வந்தால் ஐந்து ஆண்டுக்கு எல்லா மருந்தும் இலவசம். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருக்கும் சர்க்கரைக்காரருக்கு இது கிடையாது. நோய் இருக்கிறதே என்று சான்றிதழ் வருமுன் ‘விலக்கு’ கட்டத்தில் டிக் போட்டால் 100 பவுண்டு வரை அபராதம் வரும். அதுவரை காசு கொடுத்து ரசீது வாங்கிவையுங்கள், பிறகு திரும்பக் கேட்க அது வேண்டும்.

தொண்டைவலி, சைனஸ், பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று போன்ற ஏழு பிரச்சினைகளுக்கு 2024 ஜனவரி 31 முதல் மருந்துக்கடை பார்மசிஸ்டே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் தருகிறார். காதுவலிக்கு இந்த ஏற்பாடு 17 வயது வரைதான்.

•

விட்டுப்போனவை: கர்ப்பம் உறுதியானால் டாக்டருக்குக் காத்திருக்காமல் மிட்வைஃபிடம் (பேறுகாலச் செவிலி) நேரடியாகப் பதியலாம், 10 வாரத்துக்குள் முதல் சந்திப்பு நடந்தால் நல்லது. வேலைக்கு லீவு ஏழு நாள் வரை உங்கள் கையெழுத்தே போதும். அதற்குமேல்தான் ‘ஃபிட் நோட்’ என்னும் மருத்துவச் சான்று. சர்ஜரி மூடியிருந்தால் 111 எண்ணுக்கு போன் செய்யுங்கள், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் யோசிக்காமல் 999.