புதுப்பிப்பு: துருத்திய அலமாரிக் கதவு

பிரித்து அனுப்பப்பட்ட பலகைகளை நானே பொருத்தி நிறுத்திய அலமாரியின் இடது கதவு, மேல் மூலையில் வெளியே துருத்தி நிற்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கதவைக் கழற்றி இரும்பு அளவுகோலை அதன் வெளிப்பக்கத்தில் குறுக்காக வைத்தபோது, நடுவில் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிந்தது. கீலைத் திருகித் திருகி நான் கழித்த மாலைகள் வீண், வளைந்திருந்தது கதவேதான்.

தவறு என்னுடையது. பூச்சில்லாமல் வந்த கதவின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தேன். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரத்தை உறிஞ்சினால் விரியும் என்பதால், அடைபடாத உட்பக்கம் மட்டும் விரிந்து, கதவின் ஓரங்களை வெளிப்பக்கமாக வளைத்துவிட்டது.

மாற்றுக் கதவுக்கு இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் பூச்சு கொடுத்து, யாரும் பார்க்காத அடி விளிம்பையும் கீலுக்கான குழிகளையும்கூட விடாமல் அடைத்தேன். மாட்டும்வரை அதைச் சுவரில் சாய்க்காமல் தரையில் படுக்கவைத்திருந்தேன். உயரமான கதவு என்பதால் நடுவில் மூன்றாவது கீலும் சேர்த்தேன். பின்பலகையை ஆணியடிக்கும் முன் அலமாரியின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், ஏனெனில் சட்டகம் கோணியிருந்தால் நல்ல கதவும் வளைந்ததுபோலவே தோன்றும். ஒரு மழைக்காலம் கடந்தபின்னும் புதிய கதவு சட்டகத்தோடு ஒட்டி மூடுகிறது.