டில்லிக்கு மாற்றல்: குடும்பத்தோடு போகலாமா?

கோவைக்காரன்:
வணக்கம். குருகிராம் அலுவலகத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. பதவி உயர்வோடு வருவதால் சட்டென்று மறுக்க மனமில்லை. மகள் இங்கே சமச்சீர் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு. மனைவி வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், அவருக்கு எந்த ஊரானாலும் சரி. அம்மாவுக்கு வீசிங் உண்டு, அவரையும் அழைத்துக்கொண்டுதான் போக வேண்டும். தேடிப் பார்த்தால் ஒருவர் சொர்க்கம் என்கிறார், இன்னொருவர் விஷவாயு என்கிறார். டில்லி, குருகிராம், நொய்டா பக்கம் குடும்பத்தோடு இருப்பவர்கள், இருந்துவிட்டுத் திரும்பியவர்கள், உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள்.

மயூர் விஹார் வாசி:
தம்பி, நான் கல்யாணமாகி இங்கே வந்தவள். வந்த புதிதில் ஊருக்குப் போக வேண்டும் என்று அழுததும் உண்டு, இப்போது ஊருக்குப் போனால் வேர்க்கிறது என்று புலம்புவதும் உண்டு. அதை விடுங்கள். டில்லியா வேண்டாமா என்பதற்கு முன்னால், எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் வீடு எடுப்பது என்று முடிவு செய்யுங்கள். நொய்டா உத்தரப் பிரதேசம், குருகிராம் அரியானா, நடுவில் டில்லி. மெட்ரோவில் உட்கார்ந்திருந்தால் மூன்றும் ஒரே ஊர்தான். கரண்ட் பில், பள்ளி, காலேஜ் சீட் என்று வரும்போது மூன்றும் மூன்று அரசாங்கம்.

டில்லியில் மாதம் 200 யூனிட் வரை கரண்டுக்குக் காசில்லை, 400 வரை ஏறக்குறைய பாதி மானியம். ஆனால் வாடகைக்கு இருப்பவர் கைக்கு அது வருமா என்பது ஹவுஸ் ஓனரைப் பொறுத்தது. பல வீடுகளில் சப்மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர்களே வசூலித்துக்கொள்வார்கள். வீடு பார்க்கும்போதே தனி மீட்டரா, பில் நேராக வருமா என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் புரோக்கர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அப்புறம் எந்த மாடி என்பது முக்கியம். மொட்டைமாடிக்கு நேர் கீழே வீடு எடுத்தால் ஜூன் மாதம் குழாயில் கை வைக்க முடியாது, டேங்க் தண்ணீர் அப்படிக் கொதிக்கும். நாங்கள் மேல்மாடியில் இருந்தபோது கோடையில் கீசரின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதில் முந்தின இரவு தேங்கிய தண்ணீரைப் பிடித்துத்தான் குளிப்போம். வீட்டுக்குள் இருப்பதால் அதுதான் கொஞ்சம் ஆறியிருக்கும். டில்லியில் கீசர் பன்னிரண்டு மாதமும் உழைக்கும் என்று என் மாமியார் சொல்வார். தரைத்தளமோ ஜனவரியில் வெயிலே விழாமல் சில்லிட்டுக் கிடக்கும். நடு மாடி, தெற்கே பால்கனி. இப்படிக் கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் யோசிக்காதீர்கள், அம்மாவுக்காகவாவது.

அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் நிம்மதி. பெங்களூரு மாதிரி பத்து மாத வாடகையைக் கொட்ட வேண்டியதில்லை, பெரும்பாலும் ஒன்று, இரண்டு மாத வாடகைதான். புரோக்கருக்குத் தனி. பதினொரு மாத ஒப்பந்தம், வாடகைக்காரருக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன், இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். அசைவம் சமைப்பீர்களா என்ற கேள்வியும் சில தெருக்களில் வரும். உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த வீடு பாருங்கள்.

நொய்டா அப்பா:
அக்கா சொன்ன எல்லைக்கோட்டில் ஒன்று சேர்க்கிறேன். டில்லித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 85 சதவீத இடம் டில்லியில் பன்னிரண்டாவது படித்தவர்களுக்குத்தான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நொய்டாவில் படித்தால் மீதி 15 சதவீதத்தில் இந்தியா முழுவதோடும் மோத வேண்டும். என் பெண் அப்படித்தான் மோதினாள், கிடைக்கவில்லை. இப்போது வேறு கல்லூரியில் நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் எங்கள் கட்டடத்திலிருந்து பார்த்தால் டில்லி தெரியும். அதுதான் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

வருமான வரியிலும் இந்தக் கோடு உண்டு. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) விலக்கு டில்லி வீட்டுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை, நொய்டா, குருகிராம் வீட்டுக்கு 40 வரை. ஆபீஸ் எங்கே என்பது கணக்கில்லை, வீடு எங்கே என்பதுதான் கணக்கு. புதிய முறைக்குப் போய்விட்டால் இந்தப் பேச்சே இல்லை. தொழில் வரி மூன்று இடத்திலும் கிடையாது. கோவையில் அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்களே, அது மிச்சம். டீக் காசு.

நொய்டாவின் நன்மையையும் சொல்ல வேண்டும். அதே வாடகைக்கு ஒரு அறை கூடுதலாகக் கிடைக்கும், லிஃப்ட் இருக்கும், ஜெனரேட்டர் இருக்கும், கார் நிறுத்தச் சண்டை போட வேண்டாம். டில்லிக் காலனிகளில் பார்க்கிங்குக்காக அடிதடி வரை போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கிருந்து குருகிராமுக்குத் தினமும் போய்வருவது, மன்னிக்கவும், மனுஷன் செய்கிற காரியமில்லை.

ஜனக்புரி டீச்சர்:
சார், பள்ளியைப் பற்றி நான் சொல்கிறேன். டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு ஏழு பள்ளிகள் இருக்கின்றன: மந்திர் மார்க், லோதி எஸ்டேட், பூசா ரோடு, மோதி பாக், லக்ஷ்மிபாய் நகர், ஜனக்புரி, ஆர்.கே.புரம். எல்லாம் சிபிஎஸ்இ. தமிழை மொழிப்பாடமாகப் படிக்கலாம். உங்கள் மகளுக்கு இது பெரிய விஷயம். வேறு பள்ளியில் ஒன்பதாவதில் போய் இந்தி எழுதச் சொன்னால் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகூடச் சுருண்டுவிடும். ஒன்பதாவதில் சேர்ப்பதுதான் சரியான சமயம். சிபிஎஸ்இ-யில் ஒன்பதிலும் பதினொன்றிலும்தான் பதிவு, பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் நடுவில் நுழைவது தலைவலி.

இந்த ஏழு பள்ளிகளும் டில்லிக்குள் இருக்கின்றன. அதனால் குருகிராமில் வீடெடுத்தால் இவை உங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சிக்குத் திரும்பியவன்:
எல்லோரும் மெதுவாகச் சொல்கிறீர்கள், நான் நேராகச் சொல்கிறேன். வீசிங் இருக்கும் அம்மாவை நவம்பரில் டில்லியில் வைத்திருக்காதீர்கள். நாங்கள் திரும்பியதற்கு அதுதான் காரணம். எங்கள் வீட்டில் பையனுக்கு. தீபாவளிக்கு முந்தின வாரமே ஆரம்பிக்கும். பஞ்சாப், அரியானாவில் அறுவடை முடிந்து வைக்கோல் தாளை எரிக்கும் புகை ஒரு பக்கம், ஊரின் வண்டிப்புகை, கட்டுமானத் தூசி இன்னொரு பக்கம். காற்று அசையாது. குளிர்ந்த காற்று கீழே தங்க, மேலே சூடான காற்று மூடி போட்டுவிடும், புகை போக வழியில்லை. ஏக்யூஐ என்கிற காற்று மாசுக் குறியீடு 400-ஐத் தாண்டினால் முதலில் சின்ன வகுப்புகள், முற்றினால் பெரிய வகுப்புகளும் ஆன்லைன். விடிகாலை எழுந்தால் தொண்டையில் பட்டாசு வாசனை மாதிரி ஒரு கரகரப்பு இருக்கும்.

ஏர் பியூரிஃபையர் வாங்கினோம். ஹெபா ஃபில்டர் புதிதாக மாட்டும்போது காகிதம் மாதிரி வெள்ளையாக இருந்தது, பொங்கலுக்குக் கழற்றினால் அடுப்புக்கரி நிறம். அது வேலை செய்கிறது என்று விற்பவர் சந்தோஷப்பட்டார். எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை, பையன் வெளியில் விளையாடும்போது அவனுக்கு ஃபில்டர் ஏது? ஒரு ராத்திரி நெபுலைசருக்கு ஆஸ்பத்திரி போனால் வரிசையில் பாதி குழந்தைகள். அந்த மாதமே மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தேன். சம்பளம் குறைந்தது, பரவாயில்லை.

ஆர்.கே.புரம் மாமா:
திருச்சி சார் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அது வருடம் முழுவதும் இல்லை. ஐப்பசி பிறக்கும்போது என் அம்மாவை ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவேன். தை கழிந்து மாசியில் திரும்பி வருவார், அப்போது இங்கே பூங்காக்களெல்லாம் பூ. பல குடும்பங்களில் இதுதான் நடைமுறை. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், அதனால் ஆவணி பிறக்கும்போதே தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஜி.டி. எக்ஸ்பிரஸ் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஊரில் தங்க உங்களுக்கு அண்ணன், அக்கா யாராவது இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. இருந்தால் சமாளிக்கலாம்.

மற்றபடி மலை மந்திர் முருகன் கோயிலில் கிருத்திகை, ஆடிப்பூரம் எல்லாம் விட்டுப்போகாது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சின்ன வெங்காயம், முருங்கைக்காய், வாழைப்பூ, பொன்னி அரிசி எல்லாம் கிடைக்கும், விலை மட்டும் கேட்காதீர்கள். குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைப்பது ஒரு கட்சி, அணைத்த ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு வைப்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாம் கட்சி.

நாகர்கோவில் நர்ஸ்:
நான் தனியாக வந்தவள், அதனால் வேறு கணக்கு. மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கானது. அதில் ஏறினால் இரவு டியூட்டி முடிந்து வரும்போதும் தைரியமாக இருக்கும். இறங்கியபிறகு வீட்டுக்குப் போகிற கடைசி ஒரு கிலோமீட்டர்தான் பிரச்சினை. அதனால் வாடகை கொஞ்சம் அதிகமானாலும் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே எடுத்தேன். சாயங்காலம் இருட்டியபிறகு ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பார்க்காமல் வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். உங்கள் மகளும் இன்னும் நாலு வருடத்தில் தனியாக டியூஷன் போவாள்.

இந்தி? காய்கறிக்காரர்தான் என் வாத்தியார். ஒரு குளிர்காலம் போதும்.

ராஜிந்தர் நகர் தம்பி:
நான் யுபிஎஸ்சிக்குப் படிக்க வந்தவன். குடும்பத்தோடு வருபவருக்கு என் அனுபவம் உதவாது. ஒன்றே ஒன்று: கட்டில், பீரோவையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். கரோல் பாக் பக்கம் மாதவாடகைக்கே எல்லாம் கிடைக்கும். ரஜாய் (பஞ்சு வைத்த கனமான போர்வை) மட்டும் நல்லதாக வாங்குங்கள்.

கோவைக்காரன்:
அனைவருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. மகளுக்குத் தமிழ்ப் பள்ளி, எனக்குக் குருகிராம் அலுவலகம், இரண்டுக்கும் நடுவில் எந்த இடம் சரிவரும்? என்னிடம் பழைய டீசல் கார் இருக்கிறது, கொண்டுவரலாமா?

நொய்டா அப்பா:
காரை ஊரிலேயே விற்றுவிடுங்கள் சார். பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு டில்லி வட்டாரத்தில் தடை, நீதிமன்றத்தில் அவ்வப்போது தளர்வதும் இறுகுவதுமாக இருக்கிறது. புகை மாதங்களில் அதைவிடப் புதிய டீசல் வண்டிகளையும் நிறுத்தச் சொல்வார்கள். கொண்டுவந்தால் கோவை ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று), பன்னிரண்டு மாதத்துக்குமேல் ஓட்டினால் இங்கே மறுபதிவு, மறுபடி வரி. வண்டி விலையைவிட அலைச்சல் அதிகம்.

மயூர் விஹார் வாசி:
இடத்துக்கு நான் பதில் சொல்கிறேன். என் பக்கம் வராதீர்கள், இங்கிருந்து குருகிராம் வெகுதூரம். முனீர்கா, ஆர்.கே.புரம் பக்கம் பாருங்கள். மெஜந்தா லைனில் ஏறி ஹவுஸ் காஸில் மஞ்சள் லைனுக்கு மாறினால் நேராகக் குருகிராம். ஆர்.கே.புரத்தில் அந்த ஏழு பள்ளிகளில் ஒன்று இருக்கிறது, மலை மந்திர் அம்மாவுக்குக் கிட்டே. ஆர்.கே.புரம் பெரும்பாலும் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், அதனால் வாடகை வீடு முனீர்காவில் டிடிஏ (டில்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய ஃபிளாட்களில்தான் தேட வேண்டும்.

போவது என்று முடிவானால் தேதியைக் கவனியுங்கள். இங்கே புது வகுப்பு ஏப்ரலிலேயே தொடங்கிவிடும், மே நடுவில்தான் கோடை விடுமுறை. உங்கள் பெண்ணுக்கு ஏப்ரலில் அங்கே பரீட்சை நடந்துகொண்டிருக்கும். அதனால் ஜனவரியிலேயே பள்ளிக்குப் போய்ப் பேசி இடத்தை உறுதி செய்துகொண்டு, விடுபட்ட பாடத்தைக் கோடை விடுமுறையில் பிடிக்க வைக்க வேண்டும். வேறு போர்டிலிருந்து வருவதால் டிசியில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்கும் பள்ளிகள் உண்டு. கோவையை விட்டுக் கிளம்புமுன் வாங்கிவிடுங்கள், இங்கிருந்துகொண்டு அதற்கு அலைவது பெரிய பாடு.