முடிவு கேட்ட இரவு: தென் சூடானிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள ஊர்ச் சங்க உறவுகளுக்கு வணக்கம்.

தென் சூடானின் அவெய்ல் பக்கத்துச் சிற்றூர்களில் அடிபம்புகளைப் பழுதுபார்க்கும் நிவாரணப் பணியில் நான் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். சூடானிலிருந்து தென் சூடான் பிரிவதா என்ற வாக்கெடுப்பின் இறுதி முடிவை 2011 பிப்ரவரி 7 அன்று வானொலியில் கேட்ட தின்கா இன மக்களோடு அன்றிரவு முழுவதும் இருந்தேன். நினைவு மங்குமுன் அதை எழுதிவிட விரும்புகிறேன்.

தனி நாட்டுக்கு ஆதரவாக 98.83 விழுக்காட்டினர் வாக்களித்திருந்தார்கள். சூடானோடு சேர்ந்திருக்கலாம் என்றவர்கள் 44,888 பேர் மட்டுமே. இப்படித்தான் வரும் என்று எல்லோரும் முன்பே அறிந்திருந்தும், பெண்கள் எழுப்பிய குலவை நம் அம்மன் கோயில் முளைப்பாரியை நினைவூட்டும் அளவுக்கு ஓங்கி எழுந்தது. இளைஞர்கள் கைகளை மாட்டுக் கொம்புகளைப் போல வளைத்து உயர்த்திக் குதித்து ஆடினார்கள். என்னையும் வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்த இரவில் என் கண்கள் ஒரு மூதாட்டியையே தேடின. வாக்குப்பதிவு தொடங்கிய ஜனவரி 9 அன்று, அதாவது வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான போரை முடித்த அமைதி உடன்படிக்கை கையெழுத்தாகிச் சரியாக ஆறாண்டுகள் நிறைந்த நாளில், விடியுமுன்பே வரிசையில் வந்து நின்றவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வாக்குச்சீட்டில் இரண்டு படங்கள் இருந்தன: கோத்த கைகள் ஒற்றுமைக்கு, உயர்த்திய ஒற்றைக் கை பிரிந்துபோவதற்கு. பதிவு செய்தவர்களில் 60 விழுக்காட்டினராவது வந்தால்தான் வாக்கெடுப்பு செல்லும் என்ற விதி இருந்ததால், நடக்க முடியாதவர்களைக்கூடக் கட்டிலோடு சுமந்து வந்தார்கள். 1983 முதல் 2005 வரை நடந்து ஏறத்தாழ இருபது லட்சம் உயிர்களைக் கொண்ட போரும், ரயில் பாதையையொட்டி வந்து ஆடுமாடுகளையும் பிள்ளைகளையும் கவர்ந்து சென்ற குதிரைப் படையினரும், 1998 ஆம் ஆண்டுப் பஞ்சமும் அந்த வரிசையில் நின்ற ஒவ்வொரு வீட்டையும் தொட்டிருந்தன. பாட்டி தம் இரு மகன்களை இழந்தவர். பெருவிரலைப் பதித்துவிட்டு வெளியே வந்தவர், மை பட்ட விரலை யார் மேலும் படாமல் தூக்கிப் பிடித்தபடியே நடந்தார்.

நான்கு வாரங்களுக்குப் பிறகு, நெருப்பின் வெளிச்சத்தில் அவர் நகக்கண்ணில் அந்த மை இன்னும் இருந்தது. குலவை அடங்கியபோது அவர் தனியாகப் பாடினார். அது இறந்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் பாட்டு என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அத்தனை பெயர்களும் முடியும்வரை ஒருவரும் அசையவில்லை.

வடக்கோடு சேருமா தெற்கோடு சேருமா என்று முடிவாகாத எல்லைப் பகுதியான அபியெய்யிலிருந்து பெண் எடுத்திருந்த ஒருவர் மட்டும் ஆட்டத்தில் சேரவில்லை. அந்தப் பகுதிக்கென்று தனியாக நடந்திருக்க வேண்டிய வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. அவர் கவலை நியாயமானது.

மறுநாள் காலை வழக்கம்போல அடிபம்பில் வேலை. நம் மேலத்தெருவில் இருக்கும் அதே இந்தியா மார்க் இரண்டு பம்புதான் இங்கேயும் இருக்கிறது. அவ்வாண்டு ஜூலை 9 அன்று புதிய நாடு பிறக்கவிருந்ததால், கொடிக்கம்பம் நட வேண்டிய இடத்தை ஊர்ப் பெரியவர் கோலால் கோடிட்டுக் காட்டினார்: பம்புக்கு நேர் எதிரே, தண்ணீருக்கு வருகிறவர்கள் எல்லோருடைய கண்ணிலும் படும்படி.

அன்புடன்,
உங்கள் மேலத்தெருக்காரன்