புதுப்பிப்பு: வெள்ளை வளையம் கிடைத்துவிட்டது

மூன்று வாரத்துக்கு முன்னால் எழுதியிருந்தேன்: நான் வழிகாட்டும் கால்நடை மருத்துவ மாணவிக்கு, லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்த நாய்களின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்பு அணுக்களைப் பிரிக்கவே வரவில்லை, மனம் விட்டுப்போய்விட்டாள் என்று. கோலாலம்பூர் நெரிசலில் ரத்தம் தாமதமாக வந்து சேர்வதுதான் காரணம் எனப் பலர் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அது இல்லை. சனிக்கிழமை செந்தூலிலிருந்து கிளம்பிப் போய், பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ரத்த அணுக்களை அடுக்கடுக்காகப் பிரிக்க உதவும் ஃபிக்கோல் என்ற அடர்ந்த திரவத்தின் மேல் ரத்தத்தை அலுங்காமல்தான் விட்டாள். நல்ல கை. ஆனால் குழாயை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரம் சட்டென்று நின்றது. பிரேக் போட்டிருக்கிறது! வேகம் திடீரென அடங்கினால் அடுக்குகள் கலங்கிவிடும். பிரேக்கை எடுத்துவிட்டு, புது ரத்தத்தோடு மறுபடி ஓட்டினோம். தானாக நிற்கும்வரை காத்திருந்து, குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அடியில் சிவப்பு, மேலே மஞ்சள் பிளாஸ்மா, நடுவே பாலாடை மாதிரி மெல்லிய வெள்ளை வளையம். நாங்கள் தேடிய எதிர்ப்பு அணுக்கள் அதில்தான் இருக்கும். "அக்கா, இருக்கு!" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அப்புறம், நாய் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆய்வக எலிக்குப் பெரும்பாலும் நாம்தான் புற்றுநோயை உண்டாக்குகிறோம். நம் வீட்டிலேயே வளரும் நாய்க்கு அது தானாக வருகிறது. ஜப்பானிய விஞ்ஞானி ஹோஞ்சோவுக்கு 2018-ல் நோபல் வாங்கித் தந்த பிடி-1, எதிர்ப்பு அணுக்களுக்குக் கடிவாளம் மாதிரியான ஒரு புரதம். எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி அணுக்களில் இருக்கும் அது, நாயிடமும் உண்டு. அதைத்தான் இவள் அளக்கப் போகிறாள்.

அடுத்த மாதிரி புதன்கிழமை வருகிறது. நான் போகவில்லை. அவளே செய்யட்டும்.