ஆங்கிலத்தில் 'தே' (they) என்றால் எத்தனை பேர்?

கேள்வி: கூட வேலை செய்யும் இங்கிலாந்துக்காரர் 'சம்ஒன் லெஃப்ட் தேர் பேக், ஐ ஹோப் தே கம் பேக் ஃபார் இட்' என்றார். பை ஒன்று, விட்டுப்போனவரும் ஒருவர்தான், அப்புறம் எதற்கு 'தே'?

பதில்: ஒருவர்தாங்க. ஆணா பெண்ணா என்று தெரியாதபோது அப்படித்தான் சொல்வார்கள், 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கும் வழக்கம். நம் 'அவர்' கூட முன்பு பன்மைதானே, இப்போது ஒருவரை மரியாதையாகச் சொல்லவில்லையா?

இன்னொரு பதில்: 'தே சே இட்ஸ் கோனா ரெய்ன்' என்பதையும் கவனியுங்கள். இங்கே 'தே' குறிப்பாக யாரையும் சுட்டவில்லை, நாம் 'மழை வருமாம்' என்கிறோமே அதுபோல. 'இட்' வெறுமனே எழுவாயின் இடத்தை நிரப்புகிறது, அது எது என்று தேட வேண்டாம்.

கேட்டவர்: 'அவர்' என்றதும் புரிந்துவிட்டது, நன்றி. சரி, 'யூ நெவர் நோ' என்றால் அந்த 'யூ' நானா?

பதில்: இல்லை, யாருக்கும் பொருந்தும். 'யாருக்குத் தெரியும்' என்று எடுத்துக்கொள்ளுங்கள்.