பழைய அமெரிக்க வி8 கார்கள்: வாங்கியவர்களும் வாங்காமல் திரும்பியவர்களும்

மில்பிடாஸ் பக்கம், கலிபோர்னியா

மசில் கார் வைத்திருப்பவர்கள், ஆசைப்பட்டுப் பார்க்கப் போய் வெறுங்கையோடு வந்தவர்கள் எல்லோரும் எழுதுங்கள். என் கதையை முதலில் போட்டுவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது 1967 ஃபோர்டு மஸ்டாங் கூபே. 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்), ஆட்டோமேட்டிக் கியர். கறாரான ஆட்கள் இதை மசில் கார் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், 'போனி கார்' என்று தனியாக ஒதுக்கிவிடுவார்கள். நடுத்தர அளவு வண்டிக்குள் பெரிய வண்டியின் எஞ்சினைத் திணித்தால்தான் மசில் கார் என்பது 1964-இல் பான்டியாக் ஜி.டி.ஓ. வந்ததிலிருந்து நிற்கும் கணக்கு. சரி, இருக்கட்டும். அந்தக் கணக்குப்படி வாங்க என் பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை.

பானெட்டைத் திறந்தால் டிரைவர் பக்க ஃபெண்டரின் உள்தகட்டில் வண்டி எண் குத்தியிருக்கும். என்னுடையது 7R01C என்று தொடங்குகிறது. 7 என்றால் 1967, R என்றால் சான் ஹோசே தொழிற்சாலை, 01 என்றால் கூபே, C என்றால் இரட்டைக் குழல் கார்புரேட்டர் வைத்த 289. பெயர்தான் சான் ஹோசே, தொழிற்சாலை இருந்தது மில்பிடாஸில். 1955-இலிருந்து 1983 வரை ஓடியது. அதே கட்டடம்தான் இன்றைய கிரேட் மால். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து இறங்கியதும் ஸ்வெட்டர் எடுக்க நாம் எல்லோரும் கூட்டிப்போகும் இடம்! என் வண்டி பிறந்த இடத்தில் இப்போது ஷூ கடையா, பாப்கார்ன் கடையா என்று தெரியவில்லை.

வாங்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். விளம்பரத்தில் 'எஞ்சின் எண் பொருந்தும்' என்று போட்டிருந்தார்கள், அதாவது எஞ்சினில் உள்ள எண் வண்டி எண்ணோடு ஒத்துப்போகும், தொழிற்சாலையில் மாட்டிய அதே எஞ்சின் என்று. 1968-க்கு முந்தைய மஸ்டாங்கில், K குறியீடு உள்ள அதிவேக 289 தவிர, மற்ற எஞ்சின்களில் ஃபோர்டு வண்டி எண்ணைக் குத்தவே இல்லை. பிறகு எதோடு எது பொருந்தும்? விற்பவரிடம் கேட்டேன். பொய் சொல்கிற ஆளில்லை, அவரிடம் விற்றவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார். வார்ப்பில் உள்ள தேதிக் குறியீட்டை வைத்து, இந்த எஞ்சின் இந்த வண்டிக் காலத்ததுதான் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். 1967 முதலான ஃபோர்டுகளுக்கு மார்ட்டி ரிப்போர்ட் என்று ஒன்று காசு கொடுத்து வாங்கலாம். வண்டி எந்த நிறத்தில், என்னென்ன ஆப்ஷனோடு தொழிற்சாலையை விட்டுப் போனது என்று கம்பெனிப் பதிவேட்டிலிருந்தே எடுத்துத் தருவார்கள். அதில் என் வண்டி பச்சை. நேரில் நின்றது சிவப்பு. சிவப்பு பிடித்திருந்ததால் அதைப் பெரிதுபடுத்தவில்லை, ஆனால் விலை பேசும்போது உதவியது.

எஞ்சினை விட எனக்குப் பயம் கௌல். முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே வரி வரியாகத் துளைகள் இருக்கும். அதன் அடியில் இரண்டு தகட்டைச் சேர்த்துப் பற்றவைத்த ஒரு பெட்டி. மழைத் தண்ணீர் அதில் விழுந்து இரண்டு ஓரத்திலும் வெளியே வழிந்துவிட வேண்டும். ஐம்பது வருடச் சருகு உள்ளே மக்கி ஈரம் பிடித்துக்கொண்டால், காற்றுத் துளையைச் சுற்றி எழும்பி நிற்கும் விளிம்பு துருவேறி ஓட்டையாகிவிடும். வெளியே நின்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. "கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவரே தோட்டக் குழாயை இழுத்து வந்தார். உள்ளே குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். அரை நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் பயணி பக்கம் ஹீட்டர் பெட்டி ஓரமாக ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, பிறகு நூல் பிடித்த மாதிரி தரை விரிப்பில் இறங்கியது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. 3,000 டாலர் குறைத்துக்கொண்டார்.

அந்த 3,000 போதவில்லை என்பது வேறு விஷயம். புதுத் தகடு விலை ஒன்றும் பெரிதில்லை. முன் ஃபெண்டர்களைக் கழற்றி, கண்ணாடியை எடுத்து, வரிசையாக இருக்கும் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாக டிரில் போட்டுப் பிரித்து, மறுபடி பற்றவைத்துப் பெயிண்ட் அடிக்கிற கூலிதான் ஆளைச் சாய்க்கும்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. இந்த மஸ்டாங்குகளில் பெட்ரோல் டேங்கின் மேல்தகடேதான் டிக்கியின் தரை. டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவே அட்டையும் துணியும் மட்டும். பின்னால் யாராவது பலமாக இடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் முதலில் செய்தது அந்த இடத்தில் இரும்புத் தடுப்பு போட்டதுதான். குரோம் பூச்செல்லாம் பிறகு.

ஓட்டுவதைப் பற்றி: காலையில் சாவி போடுமுன் ஆக்சிலரேட்டரை ஒருமுறை தரைவரை மிதித்து விட வேண்டும், அப்போதுதான் சோக் விழும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். சான்டா குரூஸ் போகும் 17-ஆம் நெடுஞ்சாலை இறக்கத்தில் பெடல் மெதுவாக இளகிக்கொண்டே போனது. அடுத்த மாதமே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் போட்டுவிட்டேன். தொழிற்சாலையில் வந்தபடியே இருக்க வேண்டும் என்று வாதாடுபவர்கள் அந்த இறக்கத்தில் ஒருமுறை இறங்கிவிட்டு வந்து பேசட்டும். தீப்பொறிக்கு மின்சாரத்தை வெட்டி விடும் பாயிண்டின் இடைவெளியை மட்டும் இன்னும் கையால்தான் வைக்கிறேன், 0.017 அங்குலம். அம்பாசடரில் சி.பி. பாயிண்டைத் தேய்த்துப் பழகிய அப்பா இங்கே வந்தபோது என் கையிலிருந்து ஃபீலர் கேஜைப் பிடுங்கிக்கொண்டார்.

கலிபோர்னியாக்காரர்களுக்கு ஒரு வசதி: 1975 வரையிலான மாடல்களுக்கு ஸ்மாக் சோதனை (புகைச் சோதனை) கிடையாது.

டெட்ராய்ட் பக்கம், மிச்சிகன்

நான் வாங்காமல் திரும்பியவன். ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை இங்கே உட்வர்ட் அவென்யூவில் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் நடக்கும், 1995-இலிருந்து நடக்கிறது. ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் ஊர் வரை சாலை ஓரம் நாற்காலி போட்டு ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கெட்டுப்போனேன்.

பார்க்கப் போனது 1970 செவர்லே செவல், எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட், அதிக சக்தி வகை) என்று விளம்பரம், விலை 60,000-க்கு மேல். கறுப்பு வண்டி, வெள்ளைப் பட்டை, கண்ணைப் பறித்தது. இந்த ஊரில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள், அதனால் பெயிண்டை நம்பி யாரும் வாங்குவதில்லை. துணி சுற்றிய காந்தத்தைக் கொண்டு போயிருந்தேன். கதவில் ஒட்டியது, கூரையில் ஒட்டியது. பின்சக்கர வளைவுக்கு மேலே வைத்தால் கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் முழுக்கப் பட்டி. தகடு எங்கே இருக்கிறதோ!

அதைக்கூட மன்னிக்கலாம். 1969, 1970 செவலில் எஸ்.எஸ். என்பது தனி மாடல் இல்லை, ஆப்ஷன். 1970-இல் வண்டி எண் 136 என்று தொடங்கும், அது செவலின் மாலிபு வகை, வி8 என்று மட்டும் சொல்லும். எஸ்.எஸ்.ஸா இல்லையா என்று எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது. காகிதம் வேண்டும். தொழிற்சாலை பில்ட் ஷீட் (வண்டியில் என்னென்ன மாட்ட வேண்டும் என்ற பட்டியல்) பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டு கிடைப்பதுண்டு, சில வண்டிகளில் சீட் ஸ்பிரிங்குக்குள் இருக்கும். இவரிடம் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. "எஞ்சினைப் பாருங்கள், எண் பொருந்தும்" என்றார்.

பார்த்தேன். எஞ்சின் முன்பக்கம், பயணி பக்க ஹெட்டுக்கு முன்னால் ஒரு சின்ன மேடை இருக்கும், எண் அதில்தான். தொழிற்சாலையில் அந்தப் பரப்பைச் சீவும்போது ஒரே திசையில் மெல்லிய கோடுகள் விழும், அதன் மேல்தான் எண்ணைக் குத்துவார்கள். இங்கே கோடே இல்லை, மொழுமொழுவென்று இருந்தது. எண் மட்டும் புத்தம் புதிதாகப் பளிச்சென்று. யாரோ பழைய எண்ணை அரைத்துத் தள்ளிவிட்டு வேறு எண் குத்தியிருக்கிறார்கள். விற்பவர் செய்தாரா, அவருக்கு முன்னால் இருந்தவரா, தெரியாது. நான் வாயைத் திறந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

போலி செய்த வண்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. மாலிபுவை எஸ்.எஸ். மாதிரி மாற்றியது என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கான விலைக்கு விற்றால் தாராளமாக வாங்கலாம், ஓட்டுகிற சுகத்தில் வித்தியாசம் இல்லை. அசல் விலை கேட்பதுதான் பிரச்சினை. 450 குதிரைத்திறன் எல்.எஸ்.6 எஞ்சின் வந்த வருடம் 1970 என்பதால் அந்த வருடச் செவலில் இந்தத் தில்லுமுல்லு கொஞ்சம் அதிகம்.

ஹூஸ்டன், டெக்சாஸ்

மேலே ரெண்டு பேரும் பயமுறுத்திவிட்டீர்கள். குறைந்த பணத்தில் ஒரு வழி இருக்கிறது: 1972-க்குப் பிந்தைய வண்டிகள். என்னுடையது 1973 டாட்ஜ் சார்ஜர், 318 எஞ்சின். காகிதத்தில் 150 குதிரைத்திறன் என்று போட்டிருப்பதால் பந்தயப் பிரியர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. 1971-இல் இதே 318-க்கு 230 என்று எழுதியிருந்தார்கள். எஞ்சின் அவ்வளவாக மாறவில்லை, அளக்கும் முறைதான் மாறியது. முன்பு ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் மாட்டாமல் மேடையில் வைத்து ஓட்டி அளந்தார்கள். 1972-இலிருந்து எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். காகிதத்தில் எண் குறைந்ததால் விலையும் பாதி.

எங்கள் ஊர் வெயிலில் தொல்லை கார்புரேட்டர்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும், கடைக்குப் போய் இருபது நிமிடத்தில் திரும்பி வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதே பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களையும் அரித்துவிடும். வாங்கிய கையோடு எல்லா ஹோஸையும் மாற்றுங்கள், கசிந்தால் தீப்பிடிக்கும். எஞ்சின் ஆயிலும் கவனம்: இந்தப் பழைய கேம் ஷாஃப்டுகளுக்குத் துத்தநாகச் சேர்மானம் கூடுதலாக உள்ள ஆயில் வேண்டும், இன்றைய சாதா ஆயிலில் அது குறைவு.

இன்ஷூரன்ஸை வழக்கமான பாலிசியில் சேர்க்காதீர்கள். அவர்களுக்கு இது ஐம்பது வருடப் பழைய இரும்பு. பழைய கார்களுக்கென்றே உள்ள கம்பெனிகள் முன்கூட்டியே ஒரு மதிப்பை ஒப்புக்கொண்டு எழுதித் தரும். தினசரிக்கு வேறு கார் இருக்கிறதா, இதைப் பூட்டிய கராஜில் வைப்பீர்களா என்று கேட்பார்கள். பிரீமியமும் நினைப்பதைவிடக் குறைவு.

எடிசன், நியூஜெர்சி

பெண்கள் யாரும் எழுதக் காணோமே. 1966 பான்டியாக் ஜி.டி.ஓ. என்னுடையது, என் பெயரில் பதிவானது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெட்ரோல் போட நிறுத்தினால் யாராவது வந்து என் கணவரிடம் "அருமையான கார் சார், என்ன எஞ்சின்?" என்று கேட்பார்கள். அவருக்கு எந்தப் பக்கம் டேங்க் மூடி என்றே தெரியாது. (லைசென்ஸ் பிளேட்டுக்குப் பின்னால்.) "389, மேடத்தைக் கேளுங்கள்" என்று சொல்ல மட்டும் பழக்கி வைத்திருக்கிறேன்.

வயதானவர்கள் வந்தால் அடுத்த வரி எனக்கு மனப்பாடம்: "நானும் ஒன்று வைத்திருந்தேன், கல்யாணத்துக்கு முன் விற்றுவிட்டேன்." 1966-இல் விற்ற ஜி.டி.ஓ. 96,946. என்னிடம் வந்து சொன்னவர்களைக் கூட்டினால் அதைத் தாண்டிவிடும் போலிருக்கிறது. ஒரே ஒருவர் மட்டும் வித்தியாசம். பான்டியாக் நகரத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "கதவு இடைவெளி இவ்வளவு சீராக இருக்கிறதே, நாங்கள் இப்படிச் செய்ததில்லை" என்றார். உண்மைதான், ரெஸ்டோர் செய்தவர் கைவண்ணம் அது.

வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. 1966 முதல் 1971 வரை ஜி.டி.ஓ.வின் எண் 242 என்று தொடங்கும், அது இருந்தால் அசல். 1964, 1965-இல் அந்த உத்தரவாதம் இல்லை, அப்போது அது பான்டியாக்கின் லெமான்ஸ் என்ற மாடலின் ஆப்ஷன். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற இடத்தில் எண்ணைக் கொடுத்தால் பழைய பில்லின் நகல் கிடைக்கும். என் வண்டியை மூன்று கார்புரேட்டர், நாலு கியர் என்று சொல்லித்தான் விற்க வந்தார்கள். நகலில் ஒரு கார்புரேட்டர், இரண்டு கியர் ஆட்டோமேட்டிக். பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள். நகலைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கினேன். மூன்று கார்புரேட்டரும் ஒன்றாகத் திறக்கும்போது வரும் சத்தத்துக்கு அந்தப் பில்லைப் பற்றி அக்கறை இல்லை.

கிளட்ச் மட்டும் முழங்காலைக் கேட்கும். டர்ன்பைக் நெரிசலில் மாட்டிக்கொண்டால் மறுநாள் படி ஏற முடியாது.

ஆஸ்டின், டெக்சாஸ்

எல்லோருக்கும் நன்றி. ஓஹியோவில் ஒரு 1969 கமாரோ பார்த்து வைத்திருக்கிறேன், படங்கள் நன்றாக இருக்கின்றன. பணம் அனுப்பிவிட்டு டிரெய்லரில் வரவழைத்துக்கொள்ளலாமா, நேரில் போக வேண்டுமா?

டெட்ராய்ட் பக்கம், மிச்சிகன்

நேரில் போங்கள் தம்பி, ஓஹியோவிலும் எங்களைப் போலவே உப்புதான். டிக்கெட் எடுக்குமுன் போனில் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பக்கத்தில் லிஃப்ட் உள்ள மெக்கானிக் கடைக்கு வண்டியைக் கொண்டுவர ஒப்புக்கொள்வாரா என்று. தயங்கினால் டிக்கெட் எடுக்க வேண்டாம். ஒப்புக்கொண்டால், முன்பக்க சப்ஃபிரேம் (எஞ்சினைத் தாங்கும் சட்டம்) உடம்போடு சேரும் போல்ட் இடங்களையும் பின் ஜன்னலுக்குக் கீழே உள்ள தகட்டையும் முதலில் பாருங்கள். காந்தம் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன்.