கடல் உயிர்ச்சிறப்பு மதிப்பிடல்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கரையோரக் கடற்பகுதி ஒன்றை அங்கு வாழும் உயிரினங்களின் நோக்கில் தரம்பிரித்து வரைபடமாக்கும் முறையை ஆங்கிலத்தில் ‘மரைன் பயாலஜிக்கல் வேல்யுவேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப் பெயர் கேட்டு வந்த மடலையும் அதைத் தொடர்ந்த மறுமொழிகளையும் படித்தேன். பெரும்பாலோர் ‘கடல்சார் உயிரியல் மதிப்பீடு’ என்பதோடு அமையலாம் என்ற எண்ணத்தில் இருப்பதாகத் தெரிகிறது. அது வேண்டாம் என்பது என் கருத்து. காரணங்களைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருப்பதால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இந்த முறை பெல்ஜியத்துக்கு உரிய வடகடல் பகுதியை முன்வைத்து உருவானது. அந்நாட்டுக் கடற்கரையின் நீளம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான். அதற்கு எதிரே உள்ள சிறிய கடற்பரப்பில் கப்பல் வழி, மணல் எடுப்பு, மீன்பிடிப்பு, காற்றாலை என எல்லாமே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. எந்த இடத்தை எதற்கு ஒதுக்குவது என்று அரசு முடிவெடுப்பதற்கு முன், மனிதப் பயன்பாட்டை அறவே ஒதுக்கி வைத்துவிட்டு, கடற்பரப்பை வரைபடத்தில் கட்டங்களாகப் பிரித்து, உயிரினங்களின் பக்கம் நின்று மட்டும் ஒவ்வொரு கட்டத்தையும் மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அங்குள்ள கடல் உயிரியலாளர்கள் கருதினார்கள். 2007இல் வெளியான அவர்களுடைய கருத்துரு, கடல் உயிரினப் பன்மைக்குத் தன்னளவிலேயே உள்ள சிறப்பைத்தான் அளக்கிறோம், அதனால் மனிதருக்குக் கிடைக்கும் பயனை அல்ல, என்று வரையறையிலேயே தெளிவுபடுத்திவிட்டது. நாம் வைக்கும் பெயரும் இந்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும்.

‘உயிரியல் மதிப்பீடு’ அதைத் தாங்காது. ‘உயிரியல்’ என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது ஒரு பாடம், ஓர் அறிவுத்துறை. பள்ளியில் ‘உயிரியல் மதிப்பீடு’ என்றால் அந்தப் பாடத்தில் மாணவரின் அடைவைச் சோதிப்பது என்றே பொருள்படும். ‘மதிப்பீடு’ என்ற சொல்லின் மேலோ பல சுமைகள் ஏற்கெனவே ஏறியிருக்கின்றன. கட்டுமானச் செலவுக் கணக்கும் மதிப்பீடுதான், சொத்தின் விலையைக் கணிப்பதும் மதிப்பீடுதான். எல்லாவற்றுக்கும் மேலாக ‘சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு’ என்பது நாளிதழ் வரை வேரூன்றிவிட்ட தொடர். துறைமுகமோ அனல்மின் நிலையமோ வரும்போது அதனால் நேரும் கேட்டைக் கணிப்பது அது. நாம் பேசும் முறையோ எந்தத் திட்டமும் கண்ணுக்குத் தெரியாத நிலையிலேயே செய்து வைக்க வேண்டிய அடிப்படைப் பணி. ஒரே சொல் இரண்டுக்கும் நின்றால், பின்னதை முன்னதன் ஒரு பிரிவு என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

இலங்கை நண்பர் ஒருவர் ‘உயிரியல் பெறுமதி’ என்று எழுதியிருந்தார். அங்கே பெறுமதி என்பது பாடநூலிலும் அலுவலகத்திலும் நன்கு நிலைபெற்ற சொல் என்பதை மதிக்கிறேன். ஆனால் ‘பெறு’ என்னும் வினை அதற்குள்ளேயே இருக்கிறது, இதற்கு இவ்வளவு பெறும் என்று. கடைத்தெருவில் கேட்டாலும் அந்தச் சொல் விலையைத்தான் சுட்டும். ‘மதிப்பு’ என்ற சொல்லிலும் விலைப்பொருள் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் கலந்தே நிற்கிறது.

விலைக்கும் இந்தச் சிறப்புக்கும் உள்ள தொலைவை மன்னார் வளைகுடாவை வைத்துப் பார்க்கலாம். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள முத்துச்சிப்பிப் பார்கள் பல நூற்றாண்டுகளாக அரசுகளுக்கு வருவாய் ஈட்டித் தந்தவை. அங்கே முறையாக நடந்த கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. விலையை வைத்துப் பேசினால் அன்றோடு அந்தப் பார்களின் மதிப்பு சரிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பார் என்பது சேற்றுக்கும் மணலுக்கும் இடையே கிடக்கும் கடினத் தளம். சிப்பியும் பவளமும் கடற்பஞ்சும் பற்றிக்கொள்ள இடம் தருவதும், பார்மீன்கள் ஒதுங்க நிழல் தருவதும் அதுதான். முத்து வணிகம் நின்றதால் இதில் எதுவும் குறையவில்லை. இந்த இரண்டு கணக்கையும் ஒரே சொல்லால் குறித்தால் எது அழிகிறது, எது நிற்கிறது என்று பிரித்துச் சொல்ல நமக்கு வழியிருக்காது.

எனவே ‘உயிர்ச்சிறப்பு’ என்பதை முன்மொழிகிறேன். சிறப்பு என்பது தமிழில் ஒப்பீட்டுச் சொல். இலக்கணத்தில் பொதுவுக்கு எதிராக நிற்பது சிறப்பு. 972ஆம் குறள் எல்லா உயிர்க்கும் பிறப்பு ஒக்கும் என்று சொல்லி, ஒவ்வாமல் வேறுபடுவதைச் சிறப்பு என்ற சொல்லால்தான் குறிக்கிறது. பெல்ஜிய முறையிலும் ஒரு கட்டத்தின் தரம் அதே ஆய்வுப் பரப்பிலுள்ள மற்றக் கட்டங்களோடு ஒப்பிட்டுப் பெறப்படுவதே. தனியே நிற்கும் எண் எதுவும் அதில் இல்லை.

இதில் நடைமுறை நன்மை ஒன்றும் உண்டு, எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். வரைபடத்தில் மிக உயர்ந்த தரம் முதல் மிகத் தாழ்ந்த தரம் வரை நிறங்கள் இருக்கும். கீழ்த்தரத்துக்கு ‘மதிப்புக் குறைந்த பகுதி’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தால், தூர்வாரிய சேற்றைக் கொட்ட இடம் தேடுபவர் அதைத்தான் முதலில் சுட்டிக்காட்டுவார். ‘சிறப்புக் குறைந்த பகுதி’ என்றால், மற்றதைவிடக் குறைவு என்பது மட்டுமே பொருள், பயனற்றது என்ற தொனி அதில் இல்லை. தரவே இல்லாத கட்டத்தைத் தாழ்ந்த தரத்தோடு சேர்த்துவிடக் கூடாது என்பதையும் அந்த முறை வலியுறுத்துகிறது. கிடைத்த தரவு எவ்வளவு, எவ்வளவு நம்பத் தக்கது என்று தனியே காட்டவும் சொல்கிறது. அதற்குத் ‘தரவு நம்பகம்’ போதும்.

செயலைக் குறிக்க ‘மதிப்பிடல்’ என்ற தொழிற்பெயரை வைத்துக்கொள்ளலாம். முன்னால் ‘உயிர்ச்சிறப்பு’ நிற்பதால் விலைப்பொருள் அதில் ஒட்டாது. ஆக, ‘கடல் உயிர்ச்சிறப்பு மதிப்பிடல்’. இதிலிருந்து உயிர்ச்சிறப்பு வரைபடம், உயிர்ச்சிறப்புத் தரம், உயிர்ச்சிறப்பு அளவுகோல் என்று தடையின்றிக் கிளைகள் வருகின்றன.

‘முக்கியத்துவம்’ என்று வைக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அதை வேறு ஒன்றுக்கு விட்டுவைக்க வேண்டும். உயிரினப் பன்மை உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2008இல் ஜெர்மனியின் பான் நகரில் ஏழு அளவுகோல்களை ஏற்று, அவற்றின்படி ‘சூழலியல் அல்லது உயிரியல் முக்கியத்துவம் வாய்ந்த கடற்பகுதி’களை விவரிக்கத் தொடங்கின. 2015இல் கொழும்பில் கூடிய வட்டாரப் பட்டறையில் மன்னார் வளைகுடாவும் அப்படி விவரிக்கப்பட்டது. அது தெரிந்தெடுக்கும் முறை. இதுவோ எந்தக் கட்டத்தையும் விடாமல் எல்லாவற்றுக்கும் தரம் இடும் முறை.

இனி, பெல்ஜிய முறை கட்டங்களுக்குத் தரம் இடப் பயன்படுத்தும் அளவுகோல்களுக்கான பெயர்கள். ஓர் இனமோ வாழிடமோ எவ்வளவு அரிது என்பதற்கு ‘அருமை’ தெளிவான சொல்தான், ஆனால் இன்றைய வழக்கில் பாராட்டாக மாறிவிட்டதால் ‘அரிதன்மை’ என்றே வைப்போம். ஓர் இனம் பருவத்திலோ இரைக்காகவோ ஓரிடத்தில் பெருந்தொகையாகக் கூடுவதற்குத் ‘திரள்வு’ பொருந்தும். பெல்ஜியக் கரையோரத்தில் குளிர்காலத்தைக் கழிக்க வரும் கருநிறக் கடல்வாத்துக் கூட்டம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உலக அளவிலோ நாட்டளவிலோ உள்ள ஓர் இனத்தொகையில் எவ்வளவு பங்கு இந்த இடத்தில் வாழ்கிறது என்பதற்குப் ‘பங்களவு’. மனிதத் தலையீடும் அயல் இனங்களின் பரவலும் எவ்வளவு குறைவு என்பதற்கு ‘இயற்கைநிலை’. மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் பவளங்கள்மேல் காப்பாபைகஸ் என்னும் அயல்பாசி படர்ந்ததையும், பவளப்பாறை வெட்டி எடுக்கப்பட்ட பகுதியில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கியதையும் கணக்கில் கொண்டால், அந்த வளைகுடாவின் 21 தீவுகளும் இந்த அளவுகோலில் ஒரே தரம் பெற முடியாது என்பது விளங்கும்.

கடினமானது ஒன்றுதான். ஓரிடம் கெட்டால் அங்குள்ள உயிர் பிழைத்திருப்பதும் இனம் பெருக்குவதும் எவ்வளவு பாதிக்கப்படும் என்ற அளவுகோல் அது. ஆங்கிலத்தில் அதை ‘ஃபிட்னஸ் கான்சிக்வென்சஸ்’ என்கிறார்கள். ‘ஃபிட்னஸ்’ என்பதற்குப் பாடநூல்களில் வரும் ‘தகுதி’ என்ற சொல் இங்கே முற்றிலும் வழிதவறச் செய்யும், ஏனென்றால் ‘தகுதி விளைவு’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. பாக் நீரிணையின் கடற்புல் தரைகளில் மேயும் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, எண்ணிப் பாருங்கள். ஓராண்டுக்கும் மேல் சுமந்து ஒரு கன்றை ஈன்று, அடுத்த கன்றுக்கு இடையே பல ஆண்டுகள் விடும் விலங்கு அது. தாயும் கன்றும் மேயும் ஒரு புல்தரை இழுவை மடியால் உழப்பட்டால், அந்த இழப்பை வேகமாகப் பெருகி ஈடுசெய்யும் ஆற்றல் அதற்கு இல்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை 2022இல் ஆவுளியாக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்ததை இந்த அளவுகோலின்படியே நியாயப்படுத்தலாம். ‘வாழ்தொடர்ச்சி விளைவு’ என்று நான் எழுதிப் பார்த்தேன். பிழைத்தலும் பெருகுதலும் இரண்டும் அதில் அடங்குகின்றன என்றாலும், ‘விளைவு’ நல்விளைவா கேடா என்று தெரியவில்லை. ‘வாழ்தொடர்ச்சிச் சார்வு’ என்றால், தம் வாழ்வும் வழித்தொடரும் தொடர உயிர்கள் அந்த இடத்தை எவ்வளவு சார்ந்திருக்கின்றன என்று பொருள் தெளிவாகிறது. மூலச்சொல்லிலிருந்து சற்று விலகினாலும் எனக்கு இதுவே உகந்ததாகப் படுகிறது.

சொற்பட்டியலில் சேர்க்க வரையறையை இவ்வாறு எழுதியிருக்கிறேன்: “கடல் உயிர்ச்சிறப்பு மதிப்பிடல்: ஒரு கடற்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, மனிதப் பயனைக் கருதாமல், அரிதன்மை, திரள்வு, வாழ்தொடர்ச்சிச் சார்வு முதலிய அளவுகோல்களால் ஒவ்வொன்றின் உயிர்ச்சிறப்பையும் மற்றவற்றோடு ஒப்பிட்டுத் தரப்படுத்தும் முறை.”

‘சார்வு’ என்பதற்கு இலங்கை வழக்கில் வேறு பொருள் நிலைபெற்றிருந்தால் அங்குள்ள நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். கடற்புல் தரைகளுக்குக் கோடியக்கரை முதல் பாம்பன் வரை மீனவர்கள் வழங்கும் பெயர்களைத் திரட்டி வைத்திருப்பவர்கள் இதே இழையில் இட்டால், தரைவகைகளின் பட்டியலை அவற்றைக் கொண்டே தொடங்கலாம்.

அன்புடன்